முதுகு வசனம்

ஜூன் 3, செவ்வாய்

வேலை கிடைத்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டும். எரிச்சல்தான் வருகிறது.

ஜப்பான்காரன் எடுத்த அனிமே தொடர். பன்னிரண்டு எபிசோடு. தமிழ் டப்பிங்குக்கு நான் வசனம் எழுத வேண்டும். முதல் எபிசோடைப் பார்த்தேன். முழுக் கதையும் இதுதான்: எங்கோ ஒரு கோள். எப்போதும் இருட்டு, எப்போதும் பனி. அங்கே ஒரே ஒரு பெண் ஒரு ரேடியோ கோபுரத்தைப் பழுது பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். எழுகிறாள். பூட்ஸ் மாட்டுகிறாள். நூற்றுப் பன்னிரண்டு படி ஏறுகிறாள் (எண்ணினேன், வேறு என்ன செய்ய?). ஒரு திருகாணியை முடுக்குகிறாள். இறங்குகிறாள். ரேடியோவில் ஊரிலிருந்து செய்தி வருகிறது: "இங்கே எல்லோரும் நலம். வேலையைத் தொடரவும்." அவ்வளவுதான், எபிசோடு முடிந்தது. இருபத்து நான்கு நிமிடத்துக்கு ஒன்பது வரி வசனம்.

ஒன்பது வரி எழுதவா என்னைக் கூப்பிட்டார்கள்? முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வெறுமனே கத்திக்கொண்டிருந்த ஒரு கார்ட்டூன் பூனையைச் சென்னைத் தமிழ் பேசவைத்து வீட்டுக்கு வீடு சிரிக்கவைத்தவன் இந்தத் தணிகாசலம். என் வித்தை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாத்திரத்தின் வாய் தெரிந்தால் வாயசைவுக்குத்தான் எழுத வேண்டும். திரும்பி நின்றாலோ தூரத்தில் நடந்தாலோ முகத்தில் நிழல் விழுந்தாலோ அந்த இடம் எழுத்தாளனுக்குச் சொந்தம். எதை வேண்டுமானாலும் பேசவைக்கலாம். அதற்கு முதுகு வசனம் என்று பெயர் வைத்தவனே நான்தான்.

இந்தப் பெண் முக்கால்வாசி நேரம் முதுகைத்தான் காட்டுகிறாள். பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

முதல் எபிசோடு முடிந்தது. முப்பத்தேழு முதுகு வசனங்கள் சேர்த்திருக்கிறேன். படி ஏறும்போது, "இந்தப் படிக்கட்டு என் மாமியார் பேச்சு மாதிரி, முடியவே முடியாது போல." திருகாணி முடுக்கும்போது, "சுத்துடி ராசாத்தி, நல்லா சுத்து." படத்துக்கு இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது.

மாலையில் சவுண்ட் இன்ஜினியர் இம்தியாஸ் போன் செய்தான். முப்பது வயது இருக்கும், கெட்டிக்காரன், ஆனால் வாயில் கொழுக்கட்டை. இழுத்து இழுத்துத்தான் சொன்னான்.

"சார், ஹீரோயின் வாய்ஸ் கன்ஃபர்ம் ஆயிடுச்சு."

"யாருப்பா?"

"கனகவல்லி மேடம் சார்."

அப்படியா, நல்லது என்று சொல்லி வைத்துவிட்டேன். கனகவல்லி என் மனைவி. நான்கு வருடமாகப் போரூரில் தங்கை வீட்டில் இருக்கிறாள். அவள் அம்மா இறந்த விஷயத்தில் ஒரு சின்ன மனஸ்தாபம். ரேஷன் கார்டில் அவள் பெயர் இன்னும் இருக்கிறது. நீக்க வேண்டுமானால் அலைய வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

சாலிகிராமம். ஒலிப்பதிவு முதல் நாள்.

நான்கு வருடத்தில் கொஞ்சம் இளைத்திருக்கிறாள். வந்ததும் இம்தியாஸிடம் நலம் விசாரித்தாள், அவன் குழந்தையின் பல் பற்றிக்கூடக் கேட்டாள். என் பக்கம் திரும்பி, "வணக்கம் ரைட்டர் சார்" என்றாள். இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்திய புருஷனுக்கு ரைட்டர் சாராம்.

காகிதத்தை வாசித்துக்கொண்டே போனவள் மாமியார் வரியில் நின்றாள்.

"இது ஒரிஜினல்ல இருக்கா?"

"இல்ல. சும்மா போறாளே, ஜனங்களுக்கு போரடிக்கும்னு..."

"சும்மா போறதுதான் சார் படம்."

பேசமாட்டேன் என்று அடம் பிடிக்கவில்லை. முப்பத்தேழையும் பேசினாள், செத்த குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல். அது அடம் பிடிப்பதைவிட மோசம். மதியம் டப்பாவைத் திறந்து இம்தியாஸுக்குப் பொரியல் வைத்தாள். எனக்கு வைக்கவில்லை. போகும்போது அவனிடம் மட்டும் சொன்னாள்: தங்கை குடும்பத்துக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்திருக்கிறதாம். இந்த வேலை முடிந்ததும் இவளும் கூடப் போகிறாளாம். ஒரேயடியாக.

போகட்டுமே. யார் தடுத்தார்கள்?

ஜூன் 10, செவ்வாய்

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. எபிசோடு இரண்டில் அவள் ஒரு கையுறையைத் தைக்கிறாள். மூன்று நிமிடம்.

ஜூன் 13, வெள்ளி

தொடரை வாங்கிய கம்பெனியின் மும்பை ஆபீஸிலிருந்து மெயில். முதல் எபிசோடு நிராகரிப்பு. ஒன்பது வரி இருந்த இடத்தில் நாற்பத்தாறு வரி இருப்பதை எண்ணிவிட்டார்கள். மூலத்தில் இல்லாத ஒரு சொல்கூட இருக்கக் கூடாதாம். இன்னொரு முறை இப்படிச் செய்தால் ஆளை மாற்றுவார்களாம். என்னை!

இம்தியாஸிடம் கத்தினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்தத் தொடரை ஏற்கெனவே இரண்டு முறை முழுதாகப் பார்த்துவிட்டதாகச் சொன்னான்.

"எதைப் பாத்த? அதுல என்ன இருக்கு பாக்க?"

"தெரில சார். வீட்டுக்குப் போனா ஒய்ஃபு, அம்மா, டிவி, போனு, எல்லாம் பேசிக்கினே இருக்கும். இதுல அந்தம்மா தண்ணி காய வெப்பாங்க பாருங்க, அது காயற வரைக்கும் நம்மளும் நிக்கணும். எனக்கு அது புடிச்சிருக்கு."

"தண்ணி காயறதைப் பாக்க ஜப்பான் போகணுமா? உங்க வீட்டு அடுப்புல காயாதா?"

"நம்ம வீட்ல நின்னா, ஏன் சும்மா நிக்கறன்னு கேப்பாங்க சார்."

உலகம் முழுக்க இப்படி ஒரு கூட்டம் இருக்கிறதாம். இருட்டில் நடக்கிற, முடிவு நல்லதாகவே இல்லாத, ஆமை வேகக் கதைகளைத் தேடித்தேடிப் பார்க்கிறார்களாம். காசு கொடுத்து மனசைக் கெடுத்துக்கொள்கிற கூட்டம்.

முப்பத்தேழையும் அடித்துவிட்டேன். ஒவ்வொன்றும் நல்ல வரி.

ஜூன் 16, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. துணி துவைத்தேன். குழாயில் தண்ணீர் சன்னமாக வந்ததால் பாதி நாள் போயிற்று.

எபிசோடு நான்கு. தண்ணீர் காய வைக்கிறாள். கெட்டில் அடியில் ஒரு சின்னக் குமிழி, பிறகு இன்னொன்று. ஜன்னலுக்கு வெளியே பனி. எங்கோ இரும்பு சுருங்குகிற சத்தம். ஓட்டிவிடலாம் என்று ரிமோட்டை எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். ஓட்டவில்லை. அசதி.

ஜூன் 19, வியாழன்

டீ இடைவேளையில் கனகாவும் நானும் மட்டும் இருந்தோம். நானேதான் கேட்டேன்.

"இவ்ளோ பெரிய ஆர்ட்டிஸ்ட் நீ. பெருமூச்சு விடறதுக்கும் பூட்ஸ் மாட்டறதுக்கும் எதுக்கு ஒத்துக்கிட்ட?"

டீயை முழுதாகக் குடித்து முடித்தாள்.

"அம்மா போனப்புறம் ஒரு வருஷம் இந்த மாதிரிதான் பாத்துக்கிட்டிருந்தேன். போன்ல, இயர்போன் போட்டுக்கிட்டு. உங்களுக்குத் தெரியாது, நீங்க பேசிக்கிட்டிருந்தீங்க." பிறகு சொன்னாள்: "இதுல யாரும் வந்து சமாதானம் சொல்லமாட்டாங்க. சரியாயிடும்னு சொல்லமாட்டாங்க. இருட்டா இருந்தா இருட்டுன்னு காட்டுவான். அதோட நம்மளையும் உக்கார விடுவான். அது எனக்கு மருந்தா இருந்துச்சு."

"நான் சமாதானம் சொன்னது தப்பாப் போச்சா?"

"டீ ஆறுது, ரைட்டர் சார்."

அவள் போன பிறகு இம்தியாஸ் மெதுவாகக் கேட்டான், மேடத்தோட அம்மா விஷயத்தில் என்ன ஆயிற்று என்று. அவனிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

ஆறு வருடம் முன்பு. மாமியார் அரக்கோணத்தில் ஆஸ்பத்திரியில். கனகா ஐதராபாத்தில் ஒரு டப்பிங்கில். நான்தான் உடன் இருந்தேன். காலை பதினொன்றே முக்காலுக்கு உயிர் போயிற்று. இரண்டு மணிக்குக் கனகாவுக்குப் போன் செய்தேன். பன்னிரண்டு மணி நேரம் ரயிலில் தனியாக வரப்போகிறவளிடம் எவனாவது, உன் அம்மா செத்துவிட்டாள் என்று சொல்வானா? நம் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். கொஞ்சம் சீரியஸ், கிளம்பி வா என்பார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். அவள் அழுதாள். பேசினாங்களா, பேசினாங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பதில் இல்லாத அந்த இடைவெளியை என்னால் தாங்க முடியவில்லை. "இப்பதான் கண்ணு முழிச்சாங்க. கனகா வரப்ப கருப்புத் திராட்சை வாங்கிட்டு வரச் சொல்லுன்னாங்க" என்றேன்.

இரண்டு கிலோ வாங்கி வந்தாள். தெருமுனையில் பந்தலைப் பார்த்தபோது பை கையில்தான் இருந்தது.

பதினாறாம் நாள் வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள், அம்மா கடைசியாகக் கருப்புத் திராட்சை கேட்டாள் என்று. இரண்டு வருடம் திதிக்கு அதைத்தான் படைத்தாள். அப்புறம் அம்மா வீட்டு வரியைத் தன் பெயருக்கு மாற்றப் போனபோது ஆஸ்பத்திரிக் காகிதத்தில் நேரத்தைப் பார்த்திருக்கிறாள். பதினொன்றே முக்கால். என் போன் இரண்டு மணிக்கு.

ஒரு திராட்சைக்காகக் குடும்பத்தை விட்டுப் போனவள். இதில் என் தப்பு என்ன?

ஜூன் 23, திங்கள்

எட்டு எபிசோடு முடிந்தது. மும்பைக்காரர்களுக்குத் திருப்தியாம். நான் ஒன்றும் எழுதவில்லை, அதனால் திருப்தி.

ஜூன் 24, செவ்வாய்

எபிசோடு ஒன்பது. இந்தப் படத்தை எடுத்தவனை நேரில் பார்த்தால் சட்டையைப் பிடிப்பேன்.

கோபுரத்தின் அடியில் அவள் ஓர் அறையைக் கண்டுபிடிக்கிறாள். உள்ளே ஒரு மெஷின். ஊரிலிருந்து தினமும் வந்த செய்தியெல்லாம் அந்த மெஷின் செய்தது. ஊர் அழிந்து முப்பது வருடமாகிறது. அவள் மனம் உடைந்து வேலையை விட்டுவிடக் கூடாது என்று செத்தவர்கள் குரலில் அது பேசிக்கொண்டிருந்திருக்கிறது. எல்லோரும் நலம். வேலையைத் தொடரவும்.

அவள் அதன் எதிரில் நிற்கிறாள். நமக்கு முதுகு. நாற்பத்தொரு விநாடி. ஒரு சொல் கிடையாது. பிறகு கிளம்பிப் போய்ப் படி ஏறுகிறாள்.

இதை மக்கள் எப்படிப் புரிந்துகொள்வார்கள்? கோபமா, வருத்தமா? தெளிவு வேண்டாமா? ஒரே ஒரு வரி சேர்த்தேன். ரசிகர்களுக்காகத்தான். மும்பையில் யாருக்கும் தமிழ் தெரியாது. ஒரு வரியை எவன் எண்ணப்போகிறான்?

ஜூன் 26, வியாழன்

வாசித்துக்கொண்டே வந்தவள் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அந்த வரியைச் சத்தமாகப் படித்தாள். நடிக்கவில்லை. மளிகைச் சீட்டைப் படிப்பதுபோலப் படித்தாள்.

"'நீ பொய் சொன்னாலும் என் நல்லதுக்குத்தானே சொன்ன. உன்மேல எனக்குக் கோபமில்ல.'"

இம்தியாஸ் பட்டனைப் பார்த்துக்கொண்டு குனிந்துவிட்டான்.

"இது யார் பேசறது ரைட்டர் சார்?"

"ஹீரோயின்."

"யாரு எழுதினா?"

"கனகா, சீன் க்ளியரா இருக்கணும்னு..."

ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள். அவள் கத்தியே நான் பார்த்ததில்லை. இன்று கத்தினாள்.

"செத்தவங்களைப் பேச வெச்சீங்க. இப்போ உயிரோட இருக்கறவளையும் நீங்களே பேச வெக்கறீங்களா? என் மன்னிப்பையும் நீங்களேதான் எழுதிக்குவீங்களா? அம்மாவுக்குத் திராட்சையே புடிக்காதுங்க! புளிப்புன்னு தொடமாட்டாங்க. தெரிஞ்சும் நம்பினேன். கடைசி நேரத்துல ஏதோ ஆசைன்னு நம்பினேன். எங்கம்மா சொன்ன ஒரே வார்த்தைன்னு ரெண்டு வருஷம் வெச்சிருந்தேன்!"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அதெல்லாம் வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நாலு வருஷமா கேக்கணும்னு இருந்தேன், கேக்கல. நெஜமாவே கடைசியா அம்மா என்ன சொன்னாங்க?"

"பக்கத்துலதான் இருந்தேன். அமைதியாப் போனாங்க. கையைப் புடிச்சுக்கிட்டு..."

என் முகத்தையே பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

ஜூன் 27, வெள்ளி

ஒன்றும் எழுதவில்லை.

ஜூன் 28, சனி

ஸ்டுடியோ மேனேஜர் போன் செய்தார். மேடம் வரவில்லையென்றால் குரலை மாற்றுவார்களாம். குரல் மாறினால் எட்டு எபிசோடும் மறுபடி. அவள் உழைப்பு மொத்தமும் வீண்.

வீட்டுக்கு எதிரே பள்ளம் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். மூன்று பேர் தோண்ட, எட்டுப் பேர் வேடிக்கை. போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன்.

அந்த ஆஸ்பத்திரி கேன்டீனில் காபி நன்றாக இருக்கும். ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

எபிசோடு ஒன்பதை மறுபடி பார்த்தேன். நாற்பத்தொரு விநாடி. மறுபடி. அவள் முதுகைப் பார்த்தால் கோபமா வருத்தமா என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தேன். தெரிகிறது. எல்லாமே தெரிகிறது. எனக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. இதன் முன்னால் உட்கார்ந்தால் தப்பித்துப் போக வழியே இல்லை. வாய்விட்டு அழுதேன். ஐம்பத்தெட்டு வயதில், ஒரு பொம்மைப் படத்துக்கு.

மெஷினைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. அது வேறு வெட்கக்கேடு.

ஜூலை 1, செவ்வாய்

அந்த வரியை அடித்துவிட்டு, ஒரு மணி நேரம் ஸ்டுடியோவுக்கு வரும்படி, இம்தியாஸுக்காக என்று அவனையே அவளிடம் கேட்கவைத்தேன். எனக்காக என்றால் வரமாட்டாள். வந்தாள். இம்தியாஸ் டீ வாங்கப் போவதாகச் சொல்லி வெளியே போனான், எங்களைத் தனியாக விட வேண்டும் என்று அவனுக்கும் தெரியும்.

எப்படி ஆரம்பிப்பது என்று ஆட்டோவில் வரும்போதே நாலு விதமாக எழுதிப் பார்த்திருந்தேன். நல்ல நல்ல வரிகள். எதையும் சொல்லவில்லை.

"நான் அங்க இல்ல கனகா."

"எங்க?"

"உங்கம்மா உயிர் போறப்ப. கீழ காபி குடிக்கப் போயிருந்தேன். இருபது நிமிஷம் இருக்கும். வந்து பாத்தா முடிஞ்சிருந்துச்சு. என்ன சொன்னாங்கன்னு கேட்டல்ல? எனக்குத் தெரியாது."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தனியாவா போனாங்க?"

"ஆமா."

"நர்ஸு யாராவது?"

"தெரியாது."

"வலி இருந்துச்சா?"

"தெரியாது."

"காலையில? காலையில ஏதாவது பேசினாங்களா?"

"ஜன்னலைச் சாத்தச் சொன்னாங்க. மூஞ்சில வெயில் அடிக்குதுன்னு."

"சாத்தினீங்களா?"

"சாத்தினேன்."

"என்னைக் கேட்டாங்களா?"

கேட்டாங்க என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரே ஒரு சொல். அவள் முகம் அதற்காகவே காத்திருந்தது. சொல்லியிருந்தால் வாழ்நாள் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பாள், ஒருவேளை வீட்டுக்கே வந்திருப்பாள்.

"இல்ல கனகா. கேக்கல."

அவள் உடைந்துபோவாள் என்று பயந்தேன். உடையவில்லை. நான் மட்டும் அவள் எதிரில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். இம்தியாஸ் மூன்று டீயோடு வந்து, நாங்கள் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு, ஓசைப்படாமல் வைத்தான்.

"டேக் போலாம்ப்பா" என்றாள் அவனிடம்.

அந்த நாற்பத்தொரு விநாடிக்கு அவள் கொடுத்தது மூச்சு மட்டும்தான். ஒரு இடத்தில் இழுத்த மூச்சு திரும்பி வரவே இல்லை. பிறகு வந்தது. இம்தியாஸ் இன்னொரு டேக் கேட்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

பன்னிரண்டாவது எபிசோடும் முடிந்தது. படிக்கட்டில் ஏறுவதோடு முடிகிறது. மேலே என்ன இருக்கிறது என்று காட்டவில்லை, படுபாவிகள்.

போகும்போது, "வரேன்" என்றாள். ரைட்டர் சார் என்று சொல்லவில்லை. வேறு எதுவும் சொல்லி அழைக்கவும் இல்லை.

ஜூலை 7, திங்கள்

கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்திருப்பாள். ரேஷன் கடையில் பருப்பு வரவில்லை.

ஜூலை 9, புதன்

காலை ஏழரைக்குப் போன். புது நம்பர். அடுப்பில் பால் வைத்திருந்தேன்.

"நான்தான். இன்னும் ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நீங்க மேல வந்து பாத்தப்போ, அம்மாவுக்குக் கண்ணு மூடியிருந்துச்சா?"

"இல்ல. தொறந்திருந்துச்சு. நான்தான் மூடினேன்."

அதை யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டிலும் எழுதவில்லை. இமை இரண்டாம் முறைதான் மூடிக்கொண்டது.

அந்தப் பக்கம் ஏதோ பஸ் ஹாரன் கேட்டது. பிறகு அவள் மூச்சு. அழுகிறாளா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பால் பொங்கி வந்தது. எழுந்து போய் அணைத்தால் அவளுக்குச் சத்தம் கேட்கும் என்று பொங்கி வழியவிட்டேன்.